லால்குடி வண்டியின் சத்தம்

மே 5, திங்கள்

கத்திரி தொடங்கி இரண்டாம் நாள். பட்டறைத் தகரம் பத்து மணிக்கே கொதிக்கிறது. மன்னார்புரம் முழுக்கப் புழுதி.

வேலை: பள்ளிக்கூட வேன், பிரேக். ஒரு கார், ரேடியேட்டர் ஹோஸ். அப்புறம் லால்குடி செல்வராஜின் பிக்கப்.

பழைய பெட்ரோல் வண்டி. பதினொரு வருஷமாக என்னிடம்தான் வருகிறது. இலைக்கட்டும் வாழைத்தாரும் ஏற்றித்தான் அவர் பிழைப்பு. லோடோடு ஏற்றம் ஏறும்போது இன்ஜினில் ஒரு சத்தம் என்றார். "கண்ணாடி வளையலக் குலுக்குற மாதிரி பாய். கிணிகிணின்னு."

அவர் சொல்வதைக் கேட்டால் நாக்கிங் மாதிரிதான் இருக்கிறது. சிலிண்டருக்குள் பெட்ரோல் நேரத்துக்கு முன்னாலேயே வெடித்தால் அப்படிச் சத்தம் வரும். கவனிக்காமல் விட்டால் பிஸ்டனைத் தின்றுவிடும். மேம்பாலத்தில் ஏற்றி இறக்கினேன். செல்வராஜ் பக்கத்தில் உட்கார்ந்து, இப்ப வருது, இப்ப வருது என்று விரலை ஆட்டிக்கொண்டே வந்தார். ஒன்றும் இல்லை. வெறும் வண்டி, அதனால் இருக்கும். நான்கு பிளக்கும் மாற்றி அனுப்பினேன்.

மதியம் புளிசாதம். வெயிலில் சாப்பிடவே பிடிக்கவில்லை.

மே 8, வியாழன்

அதே வெயில். செல்வராஜ் திரும்ப வந்தார். சத்தம் போகவில்லையாம்.

மணல் மூட்டை பதினைந்து ஏற்றி மறுபடி மேம்பாலம். இரண்டு தடவை. ஜன்னலை இறக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். இன்ஜின் உறுமல், காற்று, பின்னால் பஸ் ஹாரன். அவ்வளவுதான். கொஞ்சம் எரிச்சல்கூட. வண்டிக்காரர்களுக்கு ஒரு தடவை சந்தேகம் வந்துவிட்டால் எல்லாம் சத்தமாகத்தான் கேட்கும்.

சத்தம் எதுவும் இல்லை, வேண்டுமானால் பெட்ரோல் பங்க்கை மாற்றிப் பாருங்கள் என்றேன். அவர் பானெட்டைப் பார்த்தபடி நின்றார். பிறகு சிரித்தார்.

"உங்க காதுக்கே கேக்கலன்னா அப்ப இல்லதான் பாய்."

ஞாயிறு ஸ்ரீரங்கத்தில் கல்யாண மண்டபத்துக்கு இலை லோடாம். பெரிய ஆர்டர், இந்த ஒன்றைச் சரியாகக் கொடுத்துவிட்டால் அந்த மண்டபமே நிரந்தரமாக வந்துவிடும் என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மே 9, வெள்ளி

மனைவி மெஹருக்குக் காய்ச்சல். ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பட்டறைக்குப் போகாமல் நேரே வீட்டுக்கு. ரசம் வைத்தேன். உப்பு அதிகம்.

அவளுக்கு தெர்மாமீட்டர் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரமாகச் சத்தம் வரவில்லை. பேட்டரி போய்விட்டது போல என்றேன். அவள் கண்ணைத் திறக்காமலே, "அப்பவே அடிச்சு ஓஞ்சிடுச்சேங்க, எடுக்காம இருக்கீங்க" என்றாள்.

மறுபடி வைத்தோம். அவள் கையைத் தூக்கி, "இப்ப அடிக்குது" என்றாள். எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் வைத்தேன். திரையில் எண் மினுக்கிக்கொண்டிருந்தது. சத்தம் இல்லை. மூன்றாவது தடவை என் அக்குளிலேயே வைத்துப் பார்த்தேன். இல்லை.

அவள் என்னையே பார்த்தாள். நான் செல்வராஜை நினைத்தேன்.

போனை எடுத்தேன். என்னவென்று சொல்வது. எனக்குக் காது கேட்கவில்லை, வண்டியை எடுக்காதீர்கள் என்றா. கல்யாண லோடு இருக்கிறது, முடியட்டும், திங்கள்கிழமை வரச் சொல்லலாம் என்று போனை வைத்துவிட்டேன்.

மெஹர் காய்ச்சல் 101.

மே 10, சனி

சின்ன வேலைகள். இரண்டு தடவை அவர் நம்பரை எடுத்தேன். போடவில்லை.

மே 11, ஞாயிறு

காலை ஆறே காலுக்கு செல்வராஜ் போன். கொள்ளிடம் பாலத்தில் வண்டி நின்றுவிட்டது. டோல்கேட் தாண்டி பாலம் ஏறும்போதே சத்தம் பலமாக வந்ததாம். நடுப்பாலத்தில் டமார் என்று ஓர் அடி, பின்னால் நீலப் புகை.

போய்ச் சேர ஏழாகிவிட்டது. பாலத்தில் நிழல் எங்கே. அவர் மேல்துண்டை நனைத்து இலைக்கட்டுகள் மேல் போட்டுக்கொண்டிருந்தார். தெரிந்தவர் ஆட்டோ ஒன்று வந்து, கட்டுகளை மாற்றி, மண்டபம் போனபோது முதல் பந்தி வேறு இலையில் உட்கார்ந்துவிட்டது. வாங்கிக்கொள்ளவில்லை. இனி வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்களாம்.

அவர் என்னைக் கோபிக்கவில்லை. வெயிலில் வரவைத்துவிட்டேனே பாய் என்றார்.

வண்டியைக் கயிறு கட்டிப் பட்டறைக்கு இழுத்து வந்தோம். பத்து கிலோமீட்டராவது இருக்கும். முன்வண்டியில் நான். திரும்பிப் பார்க்கவில்லை.

மே 12, திங்கள்

இன்ஜின் ஹெட்டைக் கழற்றினேன். மூன்றாவது பிஸ்டன் போச்சு. ஓரம் எலி கடித்த மாதிரி. ரிங் உட்காரும் இடம் உடைந்து, துண்டு சிலிண்டர் சுவரைக் கீறியிருக்கிறது. மற்ற மூன்றிலும் புள்ளி புள்ளியாக அரிப்பு. நாக்கிங்தான். சந்தேகமே வேண்டாம்.

காரணம், பிளக்குகளுக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டருக்குள். அடியில் ஒரு சின்ன ஸ்பிரிங் அறுந்து கிடந்தது, சுண்டுவிரல் நகம் அளவு. அது இல்லாததால் பிளக் நெருப்பு முந்திக்கொண்டு வந்திருக்கிறது. டைமிங் லைட்டைப் பிடித்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் கண்ணாலேயே பார்த்திருப்பேன். டைமிங் லைட் அலமாரியில், டப்பாவுக்குள். எத்தனை வருஷமாகத் தொடவில்லை என்று தெரியவில்லை. காதாலேயே டைமிங் வைக்கிற ஆள் என்று பெயர் வாங்கியவனுக்கு அது எதற்கு.

மாலையில் செல்வராஜ் வந்தார். பிஸ்டனைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்ன பாய் ஆச்சு என்றார்.

பெட்ரோலில் கலப்படம் என்று சொல்லிவிட்டேன்.

யோசித்துச் சொல்லவில்லை. வாயில் அதுதான் வந்தது. வந்த பிறகு மாற்றவும் இல்லை.

மே 13, செவ்வாய்

தில்லைநகரில் காது டாக்டர். மெஹர் காய்ச்சல் விட்ட உடம்போடு கூடவே வந்தாள். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை.

கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். முதலில் நிறைய அழுத்தினேன். பிறகு ரொம்ப நேரம் எதுவும் வரவில்லை. மெஷின் நின்றுவிட்டது என்று நினைத்தேன். கண்ணாடிக்கு வெளியே டெஸ்ட் எடுக்கிற பெண் மெஷினை இன்னும் திருகிக்கொண்டிருந்தாள்.

தாளில் என் பெயர், சாதிக், வயது 56. கீழே ஒரு கோடு. பாதி வரை மேடு, பிறகு கிணற்றில் இறங்குகிற மாதிரி. நரம்பு போய்விட்டது, திரும்ப வராது என்றார் டாக்டர். முப்பது வருஷ கிரைண்டரும் இன்ஜினும். பேச்சு கேட்க மெஷின் வைத்துக்கொள்ளலாமாம். இன்ஜினில் மெல்லிய சத்தம் கேட்குமா என்று கேட்டேன். அதற்கு உறுதி சொல்ல முடியாது என்றார்.

பஸ்ஸில் மெஹர், "அந்த லால்குடிக்காரர்கிட்ட சொல்லிட்டீங்களா" என்று கேட்டாள். கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். இனி இது ஒரு வசதி.

மே 14, புதன்

பதினொரு மணிக்கு செல்வராஜ். கையில் ஒரு வெள்ளைத் தாள். காலையிலேயே பங்க்குக்குப் போய்ச் சண்டை போட்டிருக்கிறார். அங்கே பெட்ரோல் போடுகிற பெரியவர், இருபது வருஷமாக இங்கே நிற்கிறேன், என்னைத் திருடன் என்கிறாயே என்று கண் கலங்கிவிட்டாராம். தாளில் பெட்ரோலைச் சொட்டிக் காட்டினார்களாம். கலப்படம் இருந்தால் கறை தங்கும்; இது கறையே இல்லாமல் காய்ந்துவிட்டது.

"தாள் சுத்தமா இருக்கு பாய். அந்த ஆள அனாவசியமாத் திட்டிட்டேன். அப்ப இது வேற எதால?"

ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்பிரிங். தெர்மாமீட்டர். வெள்ளிக்கிழமை போனை எடுத்துவிட்டு வைத்தது. பெட்ரோல் பொய். காது டாக்டரின் தாளையும் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை.

பிறகு மெதுவாகத்தான் பேசினார். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

"எனக்குக் கேக்கலன்னு சொல்லியிருக்கலாமே பாய். சத்தமே இல்லன்னுல்ல சொன்னீங்க."

எல்லாவற்றையும் நானே மாற்றிக் கட்டித் தருகிறேன், ஒரு பைசா வேண்டாம் என்றேன்.

"கட்டிருவீங்க. சரியாயிடுச்சான்னு யாரு கேட்டுச் சொல்றது?"

பங்க் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். டீ சொல்லியிருந்தேன். இரண்டு டீயும் ஆறிப்போயின.

லுஹர் தொழுகைக்குப் போனேன். மனம் நிற்கவில்லை.

மே 15, வியாழன்

காலை கொஞ்சம் மேகம், மழை இல்லை. போல்ட்டுகளை டப்பா டப்பாவாகப் பிரித்துப் பெயர் எழுதினேன். ஹெட்டைச் சாக்கில் சுற்றினேன். ஸ்பிரிங் மட்டும் தனியாக, தீப்பெட்டிக்குள்.

பத்தரைக்கு செல்வராஜ், கூட லால்குடியிலிருந்து வேறொரு மெக்கானிக். நல்ல மனிதர், முப்பத்தைந்து இருக்கும். பிஸ்டனைப் பார்த்துவிட்டு, இன்ஜின் பிளாக்கே தேறுமா என்று தெரியவில்லை, பழைய இரும்புக்குப் போட வேண்டி வந்தாலும் வரும் என்றார். டைமிங் லைட்டை எடுத்து அவரிடம் கொடுத்தேன். அவரிடம் இருக்கிறதாம்.

மூன்று பேருமாக வண்டியைத் தள்ளி ரோட்டுக்குக் கொண்டுவந்தோம். கயிறு கட்டினார்கள். செல்வராஜ் ஏறப் போனவர் இறங்கி என்னிடம் வந்தார். முகத்துக்கு நேரே நின்று, கையை அசைத்து, ஒவ்வொரு சொல்லாக, உரக்கச் சொன்னார்.

"நாங்க. போயிட்டு. வரோம். பாய்."

எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வேறு வேலை எதுவும் வரவில்லை.