வேப்பிலை

12-8-1997, செவ்வாய்

“இது சாமி இல்லை” என்று இன்று நான் சொல்லவில்லை.

அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் அண்ணன் மனைவிக்குச் சாமி வந்தது. மதினிக்கு உடம்பு நடுங்கினால் ஊரே கையெடுத்துக் கும்பிடுகிறது. அதே நடுக்கமும் வியர்வையும் எனக்குப் பேருந்தில் வந்தால், “ஏட்டி, யாரும் பாத்துரப் போறாவ” என்று அம்மா முந்தானையால் மறைக்கிறாள். டாக்டர் சொன்ன ‘பேனிக் அட்டாக்’ என்ற பெயரை வீட்டில் யாரும் உச்சரிப்பதில்லை. மதினியைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது.

மேளம் உச்சத்துக்குப் போனபோது எனக்கும் நெஞ்சு படபடத்து மூச்சு முட்டியது. செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். சரியப் போன என்னைப் பெண்கள் தாங்கிப் பிடித்துக் குலவையிட்டார்கள். ஒருத்தி என் கையில் வேப்பிலையைத் திணித்தாள். மகன் ஓடிப்போன பக்கத்து வீட்டு அக்கா என் காலில் விழுந்தாள்.

“எம் மவன் எப்ப வருவான், தாயே?”

வாய் திறக்க முடியவில்லை. அவ்வளவு பயத்திலும் அவள் கும்பிட்டது எனக்குப் பிடித்திருந்தது. மதினி ஆட்டத்தை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

மெல்ல மூச்சு சீரானது.

“ஆத்தா பேச மாட்டேங்காளே” என்று அக்கா எழுந்து மதினியிடம் போனாள்.

“தையில வருவான்” என்றாள் மதினி, உடனே.

அம்மா என்னைப் பின்தெரு வழியாகக் கூட்டி வந்தாள். என் கையிலிருந்த வேப்பிலையை வாங்கி ஆட்டுக்குப் போட்டாள்.