லிட்டருக்குப் பதினாறு

8 ஜூன் 2025, ஞாயிறு

தேவாலயத்தில் பூசை முடிந்து வெளியே வந்தபோது என் சிவப்புக் காரைச் சுற்றி யாருமே இல்லை. வாங்கிய நாளிலிருந்து ஞாயிறு தவறாமல் யாராவது நிற்பார்கள். கூரை எப்படித் திறக்கும், இரண்டு பேர்தான் உட்காரலாமா, பெட்ரோல் எண்ணெய் ரொம்பக் குடிக்குமா என்று கேட்பார்கள். நானும் சலிக்காமல் சொல்வேன். இன்று மொத்தக் கூட்டமும் ஒரு நீலக் காரைச் சுற்றி.

பிராண்டன் எடுத்திருக்கிறான். வினிஃப்ரெட்டின் ஒரே தம்பி, என் மைத்துனன், சிங்கப்பூரில் வேலை. இரண்டு லிட்டர் டர்போ. எட்டு கியர், அதுவும் தானாக மாறும். வினிஃப்ரெட் தன் துப்பட்டா நுனியால் அதன் கண்ணாடியைத் துடைத்துவிட்டாள். என் காரை ஒரு நாளாவது துடைத்திருக்கிறாளா?

"அத்தான், நீங்கதான் முதல்ல ஓட்டணும்னு யாருக்கும் குடுக்காம வச்சிருக்கேன்" என்று சாவியை நீட்டினான். அவன் அலட்டிக்கொண்டிருந்தால் வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அலட்டிக்கொள்ள மாட்டேன் என்கிறான். அதுதான் எரிகிறது. முதுகு வலி என்று சொல்லிவிட்டேன்.

9 ஜூன்

முதுகு வலியெல்லாம் இல்லை.

12 ஜூன், வியாழன்

வேலை முடிந்து வரும் வழியில் ஜமால் கடையில் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் தேநீர். பெர்மாஸ் ஜெயாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஜமாலிடமும் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் உண்டு: மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர், பழசு. லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர் வந்தால் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் சொல்லி மகிழ்வார். அந்த எஞ்சின் சத்தத்துக்கு அது போதுமாம். மனிதருக்கு ஒரு குறையும் கிடையாது.

பிராண்டனும் அங்கே இருந்தான். அவன் டர்போ லிட்டருக்குப் பதிமூன்று கொடுக்கிறதாம். என்னுடையதும் இரண்டு லிட்டர்தான், டர்போ இல்லாதது, எடை குறைவு, இருந்தும் பன்னிரண்டைத் தாண்டியதில்லை. "டேஷ்போர்டு காட்டுறதையெல்லாம் நம்பாதடா" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

ஜமால் உடனே பிடித்துக்கொண்டார். "அப்ப ஓட்டிப் பாத்துருவோம் லா. மூணு காடி, மூணு எஞ்சின். மெர்சிங் போயிட்டு வரலாம். போறப்பவும் வந்ததும் ஒரே பம்புல நெரப்பணும், கடைசியா ஊத்துனதுதான் கணக்கு. குழாய் முதல் தடவை டக்குனு நின்னதும் கைய எடுத்துரணும். ஜெயிச்சவருக்கு ஒரு மாசம் என் கடையில தே தாரிக் இலவசம்."

வேகத்தில் அவனிடம் தோற்பேன். பளபளப்பில் தோற்றாகிவிட்டது. எண்ணெயிலாவது?

22 ஜூன்

வினிஃப்ரெட் போனில் தம்பியோடு சிரித்துக்கொண்டிருக்கிறாள். என்ன சிரிப்பு என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, அவன் காடி சீட்டு சூடாகுமாம். இந்த ஜொகூர் வெயில்ல அத யாரு போடுவாங்க?" நானும் சிரித்தேன். நல்லாவே சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

3 ஜூலை, வியாழன்

காரிலிருந்து ஸ்பேர் டயரை இறக்கிவிட்டேன். குடை, டூல் பெட்டி, பின்பெட்டியில் கிடந்த மடக்கு நாற்காலி எல்லாம் வெளியே. டயரில் காற்று கூடுதலாக. ஏர்கோன் போடப்போவதில்லை. கூரையைத் திறந்தால் காற்று இழுக்கும், அதனால் மூடியே இருக்கட்டும்.

இன்னும் எதைக் குறைக்கலாம்?

5 ஜூலை, சனி

மாலைப் பூசைக்கே போய்விட்டு வந்தோம், நாளை மெர்சிங். வினிஃப்ரெட் புளிச்சோறு கட்ட ஆரம்பித்தாள். எத்தனையோ வருடமாக ஞாயிற்றுக்கிழமைப் பயணம் என்றால் பக்கத்து இருக்கையில் அவள்தான். கோத்தா திங்கி தாண்டியதும் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி உட்கார்ந்துகொள்வாள்.

"நாளைக்கு மட்டும் நீ வராம இரேன்" என்றேன்.

"ஏன்?"

"எடை."

கரண்டியை வைத்தாள். "நான் எறங்கிட்டா எவ்வளவு மிச்சமாகும்?"

கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. அவள் தம்பிக்கு போன் போட்டாள். "தம்பி, நாளைக்கு உன் காடியில எடம் இருக்கா?"

6 ஜூலை, ஞாயிறு

பதினாறு! லிட்டருக்குப் பதினாறு!

ஜமாலுக்கு ஒன்பதரை. பிராண்டனுக்குப் பதிமூன்றரை, அதுவும் அக்காவை ஏற்றிக்கொண்டு, ஏர்கோன் போட்டுக்கொண்டு. எனக்குப் பதினாறு. ஜமால் ரசீதை இரண்டு தடவை பார்த்தார். "அலமாக்! காடியா மோட்டர்சைக்கிளா?" பிராண்டன் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். "அத்தான், நீங்க ஓட்டுறதே தனி. எனக்குச் சொல்லிக் குடுங்க." எல்லார் முன்னாலும் சொன்னான். வினிஃப்ரெட்டும் கேட்டாள். கேட்டாளா? நீலக் காரிலிருந்து பையை எடுத்துக்கொண்டிருந்தாள்.

எழுதிவிடுகிறேன். நாங்கள் கூடுவதற்கு முன்பே, விடியற்காலையில் தனியாக அந்தப் பம்புக்குப் போனேன். குழாய் டக்கென்று நின்ற பிறகும் விடவில்லை. ஒரு கையால் கதவைப் பிடித்து வண்டியைக் குலுக்கினேன், காற்று வெளியேற, மறுபடி ஊற்றினேன். குலுக்கினேன், ஊற்றினேன். கழுத்து வரை ததும்பியது. அப்புறம் எல்லாரும் வந்ததும் அவர்களோடு சேர்ந்து நின்று குழாயை வைத்தேன். உடனே டக். "ஏற்கெனவே ஃபுல்லா?" என்றார் ஜமால். திரும்பி வந்து முதல் டக்கில் மரியாதையாக நிறுத்தினேன். மலிவு எண்ணெய்க்காகச் சிங்கப்பூரிலிருந்து எல்லை தாண்டி வருகிறவர்கள் காரைக் குலுக்கிக் குலுக்கி ஊற்றுவதைப் பார்த்து நானும் வினிஃப்ரெட்டும் எத்தனை தடவை சிரித்திருக்கிறோம்.

போகும்போது பிராண்டன் பின்னால்தான் போனேன். ஜன்னல் வழியாக அவள் கை ஆடுவது தெரிந்தது. ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். என் சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டிக்கிடந்தது.

7 ஜூலை, திங்கள்

காலையில் சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தேன். குலுக்கி ஊற்றியதைச் சேர்த்தால் உண்மையான எண் பதினான்கு.

பதினான்கு. அவனுக்குப் பதிமூன்றரை.

குலுக்காமலே ஜெயித்திருப்பேன். சே!

13 ஜூலை, ஞாயிறு

என் காரைச் சுற்றி மறுபடியும் ஆட்கள். "பதினாறு அண்ணே" என்று பெயரே வைத்துவிட்டார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரசீதைப் படமெடுத்து குரூப்பில் போடச் சொல்கிறார்கள். போட்டுத்தானே ஆக வேண்டும்? ஒரு வாரம் அளவுக்கு மேல் ஊற்றிவிட்டு, அடுத்த வாரம் முதல் டக்கோடு நிறுத்திக் கணக்குக் காட்டினால் போதும்.

பிராண்டன் என்னைப் பார்த்து மெதுவாக ஓட்டப் பழகுகிறானாம். பதினான்கு வந்துவிட்டதாம். நான் சொல்லிக்கொடுத்ததாம்! நான் என்ன சொல்லிக்கொடுத்தேன், "ஆக்ஸிலேட்டர்ல முட்டை இருக்குனு நெனச்சுக்க" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அது அவனுக்குப் பலிக்கிறது. எனக்கு வயிறு எரிகிறது.

24 ஜூலை, வியாழன்

பாசிர் கூடாங் எண்ணெய்க் கிடங்கில் காலை ஷிஃப்ட். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பாதுகாப்புப் பேச்சு, நான்தான் கொடுத்தேன். கொள்கலத்தை ஒருநாளும் விளிம்பு வரை நிரப்பாதீர்கள், ஆவி எழும்ப இடம் வேண்டும், இடம் இல்லாவிட்டால் போகக் கூடாத குழாயில் எண்ணெய் போய்விடும். இதே பேச்சை மனப்பாடமாக வருடக்கணக்கில் சொல்கிறேன்.

திரும்பும்போது எண்ணெய் போட்டேன். முழுக்க. பிறகு வண்டி கிளம்ப அடம்பிடித்தது, இருமியது. பேட்டரியாக இருக்கும்.

2 ஆகஸ்ட், சனி

பேட்டரி மாற்றியாகிவிட்டது. எண்ணெய் போட்டால் மட்டும் இருமல் வருகிறது. வேறென்னவாம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். எழுதப் பிடிக்கவில்லை.

10 ஆகஸ்ட், ஞாயிறு

அடுத்த சனிக்கிழமை எங்கள் இருபதாவது கல்யாண நாள். மெர்சிங்கில் படகு பிடித்துத் தீவுக்குப் போகலாம் என்று வினிஃப்ரெட் இரண்டு நாளைக்கு அறை பதிந்திருக்கிறாள். தண்ணீர் ஏறியிருக்கும்போதுதான் படகு கிளம்பும், தவறவிட்டால் அவ்வளவுதான். "என் சின்னக் காடியிலயே போலாங்க, நம்பிப் போலாம்" என்றாள். அதில் போய் இறங்கினால் பிராண்டன் என்ன நினைப்பான்? சிவப்புக் கார்தான் என்றேன். அவன் மெர்சிங்குக்கு வரவே போவதில்லை என்பது இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது.

16 ஆகஸ்ட், சனி

படகு போய்விட்டது.

17 ஆகஸ்ட், ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

கோத்தா திங்கியில் எண்ணெய் போட நிறுத்தினேன். முள் பாதிக்கு மேல் இருந்தது, தேவையே இல்லை. கை பழகிவிட்டது. கதவைப் பிடித்துக் குலுக்கினேன். உள்ளே உட்கார்ந்திருந்தவளும் சேர்ந்து குலுங்கினாள். "என்ன பண்றீங்க?" "காத்து அடைச்சிருக்கு" என்றேன்.

ஜெமாலுவாங்குக்கு முன்னால், இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம், வண்டி இருமி இருமி நின்றது. எண்ணெய் வாடை. சாவியைத் திருகுகிறேன், திருகுகிறேன், பிடிக்கவில்லை. அவள் படகுச் சீட்டை எடுத்து நேரத்தைப் பார்த்தாள். பிறகு, "தம்பியக் கூப்பிடவா?" வேண்டாம் என்றேன். டோ வண்டி வரட்டும் என்றேன். படகு நேரம் நெருங்க நெருங்க அவள் என்னைக் கேட்காமலே அவனைக் கூப்பிட்டாள்.

எல்லா வேலையையும் போட்டுவிட்டு வந்தான். வரும்போது குளிர்ந்த தண்ணீர், அவித்த பாவ் ரொட்டி, எங்களுக்கு ஒரு சின்ன கேக் கூட. கோளாறு காட்டும் கருவியைச் செருகிப் பார்த்தான். பார்த்துவிட்டுக் கள்ளமில்லாமல் கேட்டான்:

"அத்தான், டேங்க்ல அளவுக்கு மேல ஊத்துறீங்களா? ஆவி போற பெட்டிக்குள்ள எண்ணெய் பூந்திருக்கு. ஒரு தடவ ரெண்டு தடவ ஊத்தினா இப்படி ஆகாதே."

வினிஃப்ரெட் என்னைப் பார்த்தாள். குலுக்கியதைப் பார்த்தவள். பதினாறைப் பார்த்தவள். அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

"பந்தயத்தன்னிக்கும் ஊத்துனீங்களா?"

டேங்க் மூடி இறுகியிருக்கிறதா என்று பார்த்தேன்.

"என்னை எறக்கிவிட்டும் பத்தலையா உங்களுக்கு?"

திட்டியிருக்கலாம். திட்டவில்லை. சும்மா கேட்டாள், கடையில் விலை கேட்கிற மாதிரி. பிராண்டன் கொஞ்ச தூரம் நடந்து போய்ச் செம்பனை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

டோ வண்டி என் காரை இழுத்துப் போன பிறகு, திரும்பும்போது அவள் முன்னால், நான் பின்னால். நீலக் காரில் பின் இருக்கை என்பது பேருக்குத்தான், முழங்கால் தாடையில் இடித்தது. மடியில் கேக். வெட்கத்தில் செத்துக்கொண்டிருந்தேன். அப்போதும் என்ன செய்தேன் தெரியுமா? கழுத்தை நீட்டி அவன் டேஷ்போர்டைப் பார்த்தேன். பதினான்கு புள்ளி ஒன்று. மூன்று பேர், ஏர்கோன்.

இந்த மனசை என்ன செய்வது?

19 ஆகஸ்ட், செவ்வாய்

ஜமாலிடம் போய்ச் சொல்லிவிட்டேன். குடித்த தே தாரிக்குக்கெல்லாம் காசு வைத்தேன். வாங்கவில்லை. "விடுங்க மரியநாதன், வெளையாட்டுதானே லா" என்றார். அவருக்கு விளையாட்டு. குரூப்பிலும் நானே எழுதிப்போட்டேன். யாரோ சிரிக்கிற படம் போட்டார்கள். பிராண்டன் மட்டும், "அத்தான் நல்ல டிரைவர், அதுல டவுட் இல்ல" என்று எழுதினான்.

அவன் கொஞ்சம் கெட்டவனாக இருந்து தொலைக்கக் கூடாதா?

31 ஆகஸ்ட், ஞாயிறு

வண்டி சரியாகிவிட்டது. பெட்டியை மாற்றியாயிற்று. மெர்டேக்கா, சுதந்திர நாள் கார் ஓட்டத்துக்கு எல்லாரும் டெசாரு போனோம். காலையில் வினிஃப்ரெட்டுக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் நீலக் காரைப் பார்த்து நடந்தாள்.

"நான் தம்பியோடயே வர்றேங்க. உங்களுக்கும் லேசா இருக்கும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். வீட்டில் எல்லாம் வழக்கம்போலத்தான். சமைக்கிறாள், பேசுகிறாள், சட்டையைத் தேய்த்து வைக்கிறாள்.

14 செப்டம்பர்

இன்றும் அவள் தம்பியோடுதான்.

21 செப்டம்பர், ஞாயிறு

மறுபடியும் மெர்சிங், மூன்று காரும். போட்டியெல்லாம் இல்லை, மீன் சாப்பிட. ஆனாலும் கிளம்பும்போது பழக்கத்தில் எல்லாரும் அதே பம்பில் நிரப்பினோம். முதல் டக்கில் கையை எடுத்தேன்.

போக வர பிராண்டனுக்குப் பின்னாலேயே ஓட்டினேன். அவன் இப்போது அழகாக ஓட்டுகிறான், ஒரே சீராக, தேவையில்லாமல் பிரேக் போடுவதில்லை. அவன் கார் காற்றைக் கிழித்துக்கொண்டு போக, நான் அதன் பின்னால் சுகமாக. கோத்தா திங்கி தாண்டியதும் நீலக் காரில் வினிஃப்ரெட்டின் தலை கொஞ்சம் இறங்கியது. காலை மடக்கி உட்கார்ந்துவிட்டாள் என்று தெரிந்தது.

திரும்பி வந்து நிரப்பினேன். முதல் டக். கணக்குப் போட்டேன், நம்பாமல் மறுபடி போட்டேன். லிட்டருக்குப் பதினைந்து. குலுக்காமல், ஒளிக்காமல், பதினைந்து. இந்தக் கார் இதுவரை எனக்குக் கொடுக்காத எண். பிராண்டனுக்குப் பதினான்கு.

"எவ்வளவு வந்துச்சு?" என்றார் ஜமால்.

சொன்னேன். அவர் பம்பைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். பிராண்டன்தான், "அத்தான் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான். நான் வினிஃப்ரெட்டைப் பார்த்தேன். அவள் நீலக் காரின் கண்ணாடியை இறக்கிவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வரும்தானே" என்றாள். "பக்கத்துல ஆளே இல்லையே."

கண்ணாடி ஏறியது. அவர்கள் முன்னால் போனார்கள். நான் ஏர்கோனை முழுசாகத் திறந்துவிட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.