தீக்காயக் களிம்பு டப்பாவைக் குப்பையில் போட்டது தொடர்பாக

அனுப்புநர்:
பேக்கரி அடுப்பு மாஸ்டரின் மனைவி, தையல் தொழில்
(எங்கள் பெயர்களும் இருக்கை எண்களும் இணைத்துள்ள பயணச்சீட்டு நகலில் உள்ளன)

பெறுநர்:
தலைமைப் பாதுகாப்பு அதிகாரி அவர்கள்,
விமான நிலையம்.

பொருள்: என் கணவரின் மருந்தைப் பறித்ததும் அவர் முகத்தைக் கேலி செய்ததும் – நடவடிக்கை கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எட்டு மாதங்களுக்கு முன் பேக்கரி அடுப்பில் கேஸ் கசிந்து தீப்பிடித்ததில் என் கணவரின் இடது கன்னமும் கழுத்தும் வெந்துபோயின. தொடையிலிருந்து தோலெடுத்து ஒட்டினார்கள். அந்தத் தோலில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை களிம்பு பூசாவிட்டால் வெடித்துவிடும். உதட்டோரத்தைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சைக்காகக் கடந்த நான்காம் தேதி புறப்பட்டோம். ஏழு மணி நேரப் பயணம்.

2. தங்கள் விதிகளைப் படிக்காமல் நான் வரவில்லை. என் முகக்கழுவி, வெயில் க்ரீம், கண்ணுக்குக் கீழே தடவும் ஜெல் அனைத்தையும் குட்டி பாட்டில்களில் ஊற்றி, பெயர் எழுதி ஒட்டி, உள்ளே இருப்பது தெரியும் ஜிப் பையில் போட்டேன். களிம்பை மட்டும் வேறு டப்பாவுக்கு மாற்றக் கூடாது என்பது மருத்துவரின் உத்தரவு. எனவே இருநூற்றைம்பது கிராம் டப்பாவை முத்திரை பிரிக்காமல், அவர் கடிதத்துடன் தனியாக எடுத்துவந்தேன்.

3. மூன்றாம் வரிசையில் இருந்த தங்கள் அலுவலர் என் ஜிப் பையைப் பார்த்து, இப்படித்தான் எல்லோரும் கட்டி வர வேண்டும் என்று பாராட்டினார். பிறகு களிம்பைத் தூக்கினார். கடிதத்தைத் தொடவில்லை. நூறு மில்லிக்கு மேல் கூடாதென்றார். மருந்துக்கு விலக்கு உண்டு என்று அவர் தலைக்கு நேர் மேலே பலகையில் எழுதியிருக்கிறது. நிமிர்ந்து பார்க்க முடியாத அளவுக்குக் கழுத்துப் பிடிப்பு எனில் என்னிடம் தைலம் உண்டு, ஐம்பது மில்லிதான்.

4. என் கணவர் முகமூடியைக் கழற்றிக் காட்டினார். பேக்கரி முதலாளியிடம்கூட அவர் அதைக் கழற்றியதில்லை. அலுவலர் பார்த்துவிட்டுச் சொன்னது: "இந்த மூஞ்சிக்கு க்ரீம் ஒண்ணுதான் குறைச்சல்."

டப்பா குப்பைத்தொட்டிக்குள் போனது. பின்னால் இருவர் சிரித்தார்கள். நான் வாய் திறப்பதற்குள் என் கணவர், "விடும்மா. சாருக்குத் தேவைப்படுது போல, பூசிக்கட்டும்," என்றார். இப்போது சிரித்தவர்கள் அதிகம். ஆனாலும் இரண்டு முறை முயன்றும் முகமூடியை அவரால் மாட்டிக்கொள்ள முடியவில்லை. காது வளையத்தை நான்தான் மாட்டிவிட்டேன்.

5. நான்காம் மணி நேரத்தில் கழுத்துத் தோல் வெடிக்கத் தொடங்கியது. விமானப் பணிப்பெண் ஒலிபெருக்கியில் கேட்க, பயணிகள் தங்கள் பைகளைக் கவிழ்த்தார்கள். பன்னீர் மணக்கும் க்ரீம், தங்கத்தூள் கலந்த க்ரீம், ஒரே வாரத்தில் சிவப்பாக்கும் க்ரீம் எல்லாம் வந்தன. ஒட்டிய தோலுக்கு வாசனை ஆகாது; வாசனை இல்லாதது ஒன்றே ஒன்று: ஒரு கைக்குழந்தையின் தாய் கொடுத்த வெறும் வாஸலின். கட்டைவிரல் அளவு டப்பா. குழந்தையின் புட்டத்துக்கென்று வைத்திருந்ததை என் கணவரின் கழுத்துக்குக் கொடுத்த அந்தப் பெண்ணைத் தாங்கள் வேலைக்கு எடுத்துக்கொண்டால் நல்லது.

6. அது போதவில்லை. உதட்டோரம் இரண்டு இடங்களில் பிளந்துவிட்டது. அவை ஆறாமல் கத்தி வைக்க முடியாது என்று அறுவை சிகிச்சையை மூன்று வாரம் தள்ளிவிட்டார்கள். அதுவரை அவர் உறிஞ்சுகுழலில்தான் சாப்பிட வேண்டும். ஊருக்கெல்லாம் ரொட்டி சுட்டுப் போட்ட மனிதர், ஐயா.

7. ஆகவே, அந்த அலுவலர் தம் கைப்பட மன்னிப்புக் கடிதம் எழுதி என் கணவரின் பெயருக்கு அனுப்ப ஆவன செய்யுமாறும், மருத்துவர் கடிதங்களை வாசிக்கத் தெரிந்த ஒருவரையாவது மூன்றாம் வரிசையில் அமர்த்துமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இதைப் படித்துப் பார்த்த என் கணவர், பாவம், அந்த ஆளுக்கு வேலை போய்விடப் போகிறது, கிழித்துப் போடு என்கிறார். அவர் நல்லவர். நான் அப்படியில்லை. திரும்பி வரும்போதும் தங்கள் விமான நிலையத்தில்தான் இறங்குகிறோம். பதில் வராவிட்டால் நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

நாள்: மார்ச் 9
இடம்: மருத்துவமனை, மூன்றாம் மாடி, காத்திருப்போர் அறை

இப்படிக்கு,
கிழித்துப் போடாத,
(ஒப்பம்)
மாஸ்டரின் மனைவி