லக்கலைக்கு வந்த கார்

எல்கடுவ
12.9.1973

அன்பு மகள் பாலாமணிக்கு அப்பா எழுதுவது. அம்மன் புண்ணியத்தில் இங்கே நான் சுகம், உக்குவளையில் கடையைப் பார்த்துக்கொள்ளும் உன் மாமாவும் சுகம், தூத்துக்குடியில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகம் என்ற சேதி தபாலில் வரவேண்டும் என்று தினமும் கும்பிடுகிறேன். பேரனுக்கு நெஞ்சுச்சளி என்று எழுதியிருந்தாய், கற்பூரவள்ளியைச் சாறு பிழிந்து கொடு, பனியில் தூக்கிக்கொண்டு திரியாதே. இங்கே அரிசிக்குப் பெரும் தட்டுப்பாடு, பாண் ரொட்டிக்குக் கியூ, மரவள்ளிக்கிழங்குதான் சோறு. சீனியைக் கண்ணால் கண்டு மாதமாகிறது. இந்தச் சீனிப் பஞ்சத்துக்கும் நான் எழுதப்போகும் விஷயத்துக்கும் சம்பந்தம் உண்டு, பொறுமையாக வாசி.

போன கடிதத்தில் இருமலுக்குக் காற்று மாற எல்கடுவைக்கு வந்திருப்பதாக எழுதினேன். அது பொய். இது குடியை விடவேண்டியவர்களைத் தங்கவைத்துப் பார்க்கும் இடம். பழைய துரை பங்களா ஒன்றை எடுத்து, சீமையில் படித்துவந்த டொக்டர் சாலிஹ் என்பவர் நடத்துகிறார். உன் மாமாதான் கொண்டுவந்து விட்டார், மூன்று மாதத்தில் இரண்டு முடிந்துவிட்டது. அப்பா குடிப்பார் என்பது நீ அறியாத சங்கதி இல்லை, எவ்வளவு என்பதுதான் நீ அறியாதது. ஊசி, மாத்திரை என்று நினைத்து வந்தேன், அதெல்லாம் முதல் பத்து நாள்தான். பிறகு தினமும் காலையில் பன்னிரண்டு பேரும் வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசவேண்டும், அதுதான் வைத்தியம். சிங்களவர், முஸ்லிம்கள், தோட்டத்து ஆட்கள், டவுன் ஆட்கள் எல்லாரும் கலந்து. ஒரே சட்டம், வட்டத்தில் சொன்னது வெளியே போகக்கூடாது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நாம் கடை வைத்திருப்பவர்கள், கடையில் ஒருவன் இருமினால் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்வதற்குள் அது காசநோய் ஆகிவிடும், மனிதர் வாயைப் பற்றி எனக்கா சொல்லித்தர வேண்டும். மூன்று வாரம் எல்லாரும் மழையைப் பற்றியும் கிழங்கு விலையைப் பற்றியும் பேசி எழும்பிப் போனோம்.

பிறகு ஒருநாள் லக்கலைப் பக்கத்து விவசாயி ஒருவர், சிங்களவர், பேர் எழுத மாட்டேன், முதல் தடவையாக வாயைத் திறந்தார். குசினியிலிருந்து ஒரு கித்துள் கருப்பட்டிக் கட்டியை எடுத்து ஒளித்துவைத்திருக்கிறேன் என்றார், அவ்வளவுதான். இதை எழுத அவரே சிரித்துக்கொண்டு சம்மதம் தந்தார். சீனி இல்லாத காலத்தில் கருப்பட்டி என்றால் சும்மாவா, சமையல் செய்யும் பீபி மறுநாளே பங்களா அதிர ஏசத் தொடங்கினார், எந்த எலி திண்டிச்சோ அதுட வயிறு வெடிச்சிப் போகட்டும் என்று. நாங்கள் பன்னிரண்டு பேரும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு வெறும் தேத்தண்ணீரைக் குடித்தோம், ஒருவர் முகமும் மாறவில்லை. ஒரு வாரம் ஏசினார், ஒரு வாரமும் பழி எலி மேலேயே கிடந்தது. அப்புறம்தான் எனக்கு உறைத்தது, அந்த மனிதர் கருப்பட்டிக்காகத் திருடவில்லை, எங்களைப் பரீட்சை பார்த்திருக்கிறார். பாலாமணி, எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வீட்டில் ஒரு பெட்டிச் சாவியைக்கூட யாரும் நம்பிக் கொடுக்காத பதினொரு குடிகாரர்கள் ஒரு மனிதனுடைய சொல்லை ஒரு வாரம் காப்பாற்றியிருக்கிறோம், அதில் நானும் ஒருவன். உன் அப்பாவும் ஒருவன்.

அதற்குப் பிறகுதான் அவர் பெரிய விஷயத்தைச் சொல்ல எழும்பினார். அவருக்குச் சிங்களம் மட்டும், தோட்டத்து ஆட்களுக்குத் தமிழ் மட்டும். டொக்டருக்கு இரண்டும் தெரியும், ஆனாலும் வியாபாரத்தில் இரண்டும் பழகிய என்னைத்தான் தமிழில் சொல்லச் சொன்னார். நான் சொன்னா எனக்காகப் பேசுவாங்க, நீங்க சொன்னா ஒருத்தருக்கொருத்தர் பேசுவாங்க என்றார். நான் நம் கடைப் பழக்கத்தில், இவர் குடிச்சாராம், பொய் சொன்னாராம் என்று தொடங்கினேன். டொக்டர் கையைத் தூக்கி, முதலாளி, அந்த ஆமை விட்டுட்டுச் சொல்லுங்க என்றார். எந்த ஆமை என்று நான் காலடியில் பார்க்க, பக்கத்தில் இருந்தவர் காலைத் தூக்கிக்கொண்டார். குடிச்சாராம், சொன்னாராம் என்று ஆம் போட்டு முடிக்காதீங்க, அவர் நான் என்றுதானே சொல்றார், நீங்களும் நான் என்றே சொல்லுங்க என்று விளக்கினார். சரி என்று, நான் குடிச்சேன், நான் பொய் சொன்னேன் என்று சொல்லிக்கொண்டு போனேன். அவர் சொன்னதை எழுத மாட்டேன், அது அவருடையது. செய்யவேண்டிய நேரத்தில் ஒன்றைச் செய்யாமல், செய்ததாக ஊரை நம்பவைத்த கதை என்று மட்டும் வைத்துக்கொள். அவர் சொல்லி முடித்துவிட்டார். நான் முடிக்கவில்லை. நான் கார் பிடிக்கப் போகவே இல்ல, கார் பழுதாகவும் இல்ல, எல்லாம் நான் கட்டின கதை என்று என் வாய் தன்பாட்டுக்குப் போனது. எல்கடுவத் தோட்டத்துக் கங்காணி ஒருவர், பாவம், உண்மையாகவே விளங்காமல், ஏங்க, லக்கலைக்கு பஸ்ஸே ஒழுங்கா வராதே, காரு எப்படிங்க வந்துச்சு என்று கேட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. யாருடைய கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. பிறகு டொக்டர், இப்ப அவருக்கும் சிங்களத்தில சொல்லிருங்க என்றார். நான் என்பதற்கு மம என்று தொடங்கி மறுபடி எல்லாவற்றையும் சொன்னேன். லக்கலைக்காரர் சாரத்து மடியில் கைவிட்டு மிச்சமிருந்த கருப்பட்டித் துண்டை எடுத்து என் கையில் வைத்தார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

மகளே, எந்தக் கார் என்று இதற்குள் உனக்கு விளங்கியிருக்கும். நான்கு வருஷத்துக்கு முன் உன் அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்த அன்று, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கார் பிடித்து வந்தேன், நடுவழியில் கார் பழுதாகி நின்றுவிட்டது, வீடு வந்து சேர்வதற்குள் அழகாயி போய்விட்டாள் என்று உனக்கு எழுதினேன். ஒவ்வொரு திவசத்துக்கும் நீ எழுதுகிறாய், உங்க மேல பிழை இல்லப்பா, அந்தப் பாழாப்போன காருதான் என்று. கார் இல்லை பாலாமணி. காலை ஒன்பது மணிக்கு வீட்டை விட்டு இறங்கினேன். கால் நடுங்கியது, ஒரு கிளாஸ் குடித்தால் நிற்கும் என்று சாராயத் தவறணைக்குள் போனேன், வெளியே வரும்போது பகல் இரண்டு மணி. நான் போனேன், நான் குடித்தேன், உன் அம்மாவை நான்தான் காக்கவைத்தேன், உனக்குப் பொய் எழுதியதும் நான்தான். இதில் எதிலும் 'ஆம்' போடவில்லை, பார்த்துக்கொள். ஒரே ஒரு இடத்தில் மட்டும் எடுக்க முடியவில்லை. உன் அம்மா கடைசி வரைக்கும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். பக்கத்து வீட்டுச் சிங்கள நோனா சொன்னது. அந்த ஆம் அப்படியேதான் இருக்கும், நான் அங்கே இல்லை.

கோபம் வரும், வரட்டும். எவ்வளவு வேண்டுமானாலும் ஏசி எழுது, எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே. மாப்பிள்ளையிடம் சொல்வதும் விடுவதும் உன் இஷ்டம். ஐப்பசியில் திவசம் வருகிறது, இந்த வருஷம் குடிக்காத கையால் எள்ளும் தண்ணீரும் இறைப்பேன். கற்பூரவள்ளியை மறக்காதே. அம்மன் உன்னையும் உன் குடும்பத்தையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு, கார் பிடிக்கப் போகாத உன் அப்பா,
இராசமாணிக்கம்