உனக்குக் கிடைக்காத இடம்

அடுப்பில் வைத்த பால் பொங்கித் தீய்ந்த வாசனை இன்னும் வீட்டை விட்டுப் போகவில்லை. காலையில் நான் அதைக் கவனிக்காமல் மகளின் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் அந்த மலாய்ச் சொல், 'டுக்காச்சித்தா'. வருந்துகிறோம் என்று பொருள். முழுப் புள்ளி எடுத்தவளுக்கு மருத்துவப் படிப்பு இல்லையாம். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் இந்தப் புந்தோங் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருக்கிறேன். உட்கார முடியவில்லை. உன்னிடம்தான் பேசவேண்டும் போலிருக்கிறது.

தாப்பாவில் நீயும் நானும் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவம் ஒன்றாகப் படித்தோம். சுங்காய்த் தோட்டத்திலிருந்து நீ முதல் பஸ்ஸில் வருவாய். ஒரு தேர்வில் நான் முந்தினால் அடுத்ததில் நீ. "இந்தத் தடவ விடமாட்டேன்டி, பாத்துக்க" என்பாய். கடைசித் தேர்வில் இருவருக்கும் எல்லாப் பாடத்திலும் ஏ. பெயர்பெற்ற அதே பல்கலைக்கழகத்தில் இருவரும் மருத்துவம் கேட்டோம். எனக்குக் கிடைத்தது. உனக்குக் கிழக்குக்கரையில் மீன்வளப் படிப்பு. நீ கேட்கவே கேட்காத படிப்பு.

ஏன் என்று யாரும் சொல்லவில்லை. முறையீட்டுக்கும் ஒற்றை வரிப் பதில்தான். ரப்பர் பால்மரம் சீவிய காலத்திலிருந்தே "எம்மவ டாக்டராவா" என்று சொல்லிவந்த உன் அப்பா, அந்த வருடம் கோயில் திருவிழாவுக்கே வரவில்லை. நான் கிளம்பிய நாளில் என் பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்துத் தூக்கியது நீ. "போய்ட்டு வாலா. ரெண்டு பேருக்கும் சேத்துப் படிக்காத, ஒனக்கு மட்டும் படி" என்றாய். அது என்னால் முடியவே இல்லை.

கிழக்குக்கரைக்குப் போன பிறகும் நீ வருடந்தோறும் முறையிட்டாய். பிறகு நிறுத்திவிட்டாய். ஊர் திரும்பி, மீன் குளங்களில் செத்து மிதக்கும் திலாப்பியாவை அறுத்துப் பார்த்து நோய் சொல்லும் வேலை. "நானும் டாக்டர்தான், மீனுக்கு" என்று சிரிப்பாய். ஒருநாள் நான் உன்னைப் பார்க்க அங்கே வந்திருந்தபோது முழங்கால்வரை சேறோடு ஓடிவந்து, மீன் செவுளில் இருந்த புழுவை நுண்ணோக்கியில் காட்டினாய். அப்படி ஒரு முகம் உனக்கு! அதைப் பார்த்துத்தான் கேட்டேன்: "நடந்ததெல்லாம் நல்லதுக்குத்தான் போல, இல்ல?"

நீ நிமிர்ந்தாய். "நான் நல்லாத்தான் இருக்கேன். அது நானா தேடிக்கிட்டது. அதுக்காக அவங்க செஞ்சது சரியாயிடுமா?"

போன வருடம், நீ எங்களை விட்டுப் போவதற்கு முன் நோயில் கிடந்தபோது, மருந்தை விளக்க வந்த இளம் டாக்டரைக் கேள்வி மேல் கேள்வி கேட்டாய். அவர் போனதும், "நானா இருந்தா இன்னும் நல்லா வெளக்கியிருப்பேன்" என்றாய். இருவரும் சிரித்தோம். பிறகு நீ சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய்.

மதியம் மகள் கதவைத் திறந்தாள். உன்னை அவள் மீன் ஆண்ட்டியாக மட்டுமே அறிவாள். உனக்கு நடந்ததை முதன்முறையாகச் சொன்னேன்.

"ஆண்ட்டி சந்தோஷமாத்தானே இருந்தாங்க?"

"இருந்தா."

"கோவம் போயிடுச்சா?"

"போகல."

கைப்பேசியை எடுத்தாள். "அப்ப நான் அப்பீல் போடுறேன்மா. கொடுக்கலன்னாலும் ஏன்னு கேப்பேன்."

உன் சந்தோஷத்தையும் கோபத்தையும் ஒருசேரத்தான் வைத்திருக்கிறேன். ஒன்றைச் சொல்லி மற்றதை அடக்க எனக்கு மனம் வரவில்லை. மகள் முறையீட்டை எழுத ஆரம்பித்துவிட்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.