நாலு நாள் முன்தேதி

ஹேஸ்டிங்ஸ், நெப்ராஸ்கா
அக்டோபர் 8, புதன்கிழமை

அன்பு மகள் மார்லாவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உன் பிள்ளை டெஸ்ஸாவும் உடம்பளவில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, கண் நிறையத் தூங்கி, ஓட்டுகிற சாலையெல்லாம் ஈரமில்லாமல் இருக்கக் கர்த்தரை வேண்டிக்கொள்கிறேன். நேற்றுச் சாயங்காலம் நீ "சரிப்பா" என்று ஒரே வார்த்தை சொல்லிப் போனை வைத்த பிறகு ஏழு தடவை கூப்பிட்டுவிட்டேன், நீ எடுக்கவில்லை. எடுக்காததும் ஒரு விதத்தில் நல்லதுதான், ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறவர்களிடம் கெட்ட செய்தியைச் சொல்லக்கூடாது என்று முப்பத்தோரு வருஷம் உன் அம்மாவுக்குப் பாடம் நடத்தியவன் நான். வெள்ளிக்கிழமை உன் லாரி சர்வீசுக்காக பென்சில்வேனியா டிப்போவில் நிற்கும் என்று உனக்கு லோடு பிரித்துக் கொடுக்கிற ட்வேன் சொன்னான், அதனால் அந்த டிப்போ விலாசத்துக்கே அவசரத் தபாலில் அனுப்புகிறேன். எஞ்சினை அணைத்துவிட்டுப் படி. இதை நீ படிக்கும்போது டெஸ்ஸா மொன்டானா போய்ச் சேர்ந்திருப்பாள். அவள் அப்பன் கர்ட் நாளைக் காலை ஒன்பது மணிக்கு வந்து அழைத்துப் போகிறான், திங்கட்கிழமை அங்கே பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டுமாம். இதையும் உன் போனில் சொல்லி வைத்திருக்கிறேன், கேட்டாயோ என்னவோ.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். டெஸ்ஸா யாரிடம் வளர்வது என்ற விசாரணை ஏழாம் தேதி என்று கடிதம் வந்ததும் நீ ட்வேனிடம் நேராக ஏழாம் தேதிக்கு வீட்டுக்கு விடச் சொல்லிக் கேட்கத்தான் இருந்தாய். லோடு பிரித்துக் கொடுக்கிறவர்களிடம் எவனாவது உண்மைத் தேதியைச் சொல்வானா, மூன்று நாலு நாள் முன்தேதி போட்டுக் கேள், இழுத்தடித்து சரியாக ஏழாம் தேதிக்குக் கொண்டுவந்து விடுவார்கள் என்று நான்தான் மேதாவி மாதிரி சொன்னேன். கோர்ட் விஷயத்தையும் வாயே திறக்காதே என்றேன், வீட்டில் வழக்கு இருக்கிற டிரைவர் என்று தெரிந்தால் நல்ல லோடாகத் தரமாட்டார்கள் என்று எனக்கொரு எண்ணம். அதே கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் ஓட்டியவன், கேட்ட தேதியில் ஒரு தடவைகூட வீடு வந்ததில்லை. உன் ஞானஸ்நானத்துக்கு மறுநாள் வந்தேன், நீ பள்ளிக்கூடம் முடித்த விழாவுக்கு நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்தபோது வந்தேன். அந்த அனுபவத்தில் சொன்னேன். "இது சரியா வருமாப்பா?" என்று நீ இரண்டு தரம் கேட்டாய், அவங்களை எனக்கா தெரியாது என்று நான் சிரித்தேன். நீயும் மூன்றாம் தேதி என்று கேட்டாய். அவர்கள் இரண்டாம் தேதி வியாழன் சாயங்காலமே உன்னை வாசலில் கொண்டுவந்து விட்டார்கள். நாலு வாரம் ஓட்டினால் நாலு நாள் வீடு, அந்தக் கணக்கு வியாழக்கிழமையே ஓட ஆரம்பித்துவிட்டது. அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை, கம்பெனி திருந்திவிட்டது என்று உன் அம்மாவிடம் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை முழுக்கத் தூங்கினாய், சனிக்கிழமை டெஸ்ஸா வாலிபால் ஆடுவதைப் பார்த்தாய், ஞாயிறு குளியலறைக் குழாயைச் சரிசெய்தாய். திங்கட்கிழமை மத்தியானம் லோடு வந்துவிட்டது. ஒரு நாள் தள்ளிக் கேட்டாய், நீங்க கேட்ட தேதிக்கு மேலேயே கொடுத்தாச்சு, இதற்கு மேல் நின்றால் லாரியை வேறு ஆளுக்கு மாற்ற வேண்டியிருக்கும், அடுத்த லாரிக்கு இரண்டு வாரம் காத்திருக்கணும் என்றார்கள். விசாரணை முடிகிறவரை வேலையை விட்டுவிடாதே என்று வக்கீல் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அப்போதும் நீ என் முகத்தைத்தான் பார்த்தாய், நான்தான் போ, போனிலேயே ஆஜராகிக்கொள்ளலாம் என்றேன்.

இன்று காலை ட்வேனைக் கூப்பிட்டு நாளை ஒன்பது மணிக்குள் உன்னை இந்தப் பக்கம் திருப்ப முடியுமா என்று கேட்டேன். நீ ஒஹாயோவில் இருக்கிறாய், ஓட்டின நேரத்தையெல்லாம் பதிகிற அந்த மணிக்கணக்குப் பெட்டி அத்தனை மணி நேரம் ஓட்ட விடாது, எனக்குத் தெரியாததா, தெரிந்துதான் கேட்டேன். அவன் மேல் கத்த வேண்டும் என்று தயாராக இருந்தேன். அவன் கத்த விடவில்லை. போன வருஷம் டெஸ்ஸா பிறந்தநாளுக்கு உன்னை அனுப்ப முடியாமல் போனது அவன் மனதை அரித்துக்கொண்டே இருந்ததாம். அதற்காக இந்த முறை இன்னொரு டிரைவரிடம் கெஞ்சி லோடை மாற்றிக்கொடுத்து உன்னை ஒரு நாள் முன்னாலேயே அனுப்பினானாம். பிறகு மெதுவாகச் சொன்னான். "ஏழாம் தேதி கோர்ட்டுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஏழாம் தேதிக்கே கொண்டாந்திருப்பேனே சார். எனக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்கு." நான் நன்றி சொல்லிவிட்டு வைத்தேன்.

இனி உனக்குத் தெரியாததைச் சொல்ல வேண்டும், அதற்காகத்தான் இந்தக் கடிதமே. நேற்றுக் காலை நீ அயோவா கிடங்கில் இறக்குவதற்காக நின்றுகொண்டு போனில் பேசும்போது பின்னால் லாரிகள் ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் கோர்ட் முழுக்கக் கேட்டது. எங்கே இருக்கிறீர்கள் அம்மா என்று நீதிபதி கேட்டார், இன்னும் பத்து நிமிஷத்தில் என் முறை வந்துவிடும் ஐயா என்று நீ சொன்னாய், உடனே லைன் போய்விட்டது. நீ திரும்ப வர பதினொரு நிமிஷம் ஆயிற்று, அதற்குள் சாப்பாட்டு இடைவேளை விட்டுவிட்டார்கள். அந்தப் பதினொரு நிமிஷமும் கூண்டில் இருந்தது நான். கர்ட்டின் வக்கீல் சின்ன வயதுப் பெண், மரியாதையாகத்தான் பேசினாள். உன் மணிக்கணக்குப் பெட்டியின் காகிதங்களைக் கம்பெனியிலிருந்து வரவழைத்து வைத்திருந்தாள். ஒரு வருஷத்தில் நீ வீட்டில் படுத்தது நாற்பத்தாறு இரவு, சரிதானே என்றாள், சரி என்றேன். நீங்களும் இதே வேலைதான் பார்த்தீர்கள், உங்கள் மகளை யார் வளர்த்தது என்றாள், என் மனைவி நோரீன் என்றேன். உங்கள் மகள் உங்களோடு ஒட்டுதலாக இருந்தாளா என்று கேட்டாள். அங்கேதான் நான் கெடுத்தேன்.

நம் வீட்டில் வருஷா வருஷம் நவம்பர் விருந்தில் வான்கோழியை வெட்டும்போது நான் சொல்வேனே, ஐந்து வயதில் நீ சமையலறைக்கு ஓடிப்போய், "அம்மா, இந்த ஆள் இன்னிக்கு ராத்திரி சாப்பிட இருப்பாரா?" என்று கேட்ட கதை, அதைச் சொல்லிவிட்டேன். எல்லாரும் சிரிப்பார்கள், அப்படி இருந்த பிள்ளை இப்போது அப்பாவைப் போலவே லாரி ஓட்டுகிறாள், எங்களுக்குள் ஒரு குறையும் இல்லை என்று முடிக்கலாம் என்பது என் திட்டம். ஒருவர் கூடச் சிரிக்கவில்லை. தட்டச்சு செய்கிற அம்மாள்கூடத் தலையைக் குனிந்துகொண்டாள். வக்கீல் பெண் இதற்கு மேல் கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டாள். உன் அம்மா பின்வரிசையில் இருந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நாற்பது வருஷத்தில் அப்படி அவள் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னாள், அந்தக் கதையை நான் சொல்லும்போதெல்லாம் நீ தட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பாயாம். நான் அதைக் கவனித்ததே இல்லை மார்லா. நேற்றைய தீர்ப்புக்கு நீ கம்பெனியைத் திட்டிக்கொண்டிருப்பாய், உன்னையே திட்டிக்கொண்டிருப்பாய், அதில் என் பங்கு எவ்வளவு என்று உனக்குத் தெரிய வேண்டும்.

தீர்ப்பை வக்கீல் உனக்குப் படித்துச் சொல்லியிருப்பார். நீதிபதி கடுமையாக ஒன்றும் பேசவில்லை, தாய்க்குப் பாசம் இல்லை என்று யாரும் சொல்லவில்லை, பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போன் வந்தால் அரை மணி நேரத்தில் போய் நிற்பவர் யார் என்பதுதான் கேள்வி என்றார். கர்ட் தினம் ஐந்து மணிக்கு வீட்டுக்கு வருகிறவன், அவன் புது மனைவி ஷெல்பி பகலில் வீட்டில் இருக்கிறாள். பள்ளி நடக்கிற மாதங்கள் அவனிடம், கோடை விடுமுறையில் ஆறு வாரம் உன்னிடம். ஆறு வாரம் என்று கேட்டதும் உன் அம்மா என் கையைப் பிடித்து, அதுவாவது கிடைத்ததே என்றாள். நான் அவளிடம் சொல்லவில்லை, உன்னிடம் மறைத்துப் பயனில்லை. ஆறு வாரம் என்றால் நாற்பத்திரண்டு நாள். வாரத்துக்கு ஒரு நாள் என்ற நம் கம்பெனிக் கணக்கில் அதைச் சேர்க்க நாற்பத்திரண்டு வாரம் நீ ஒரு நாள்கூட வீட்டுக்கு வராமல் ஓட்ட வேண்டும். அப்படியே சேர்த்தாலும் ஒரே தடவையில் நாலு நாளுக்கு மேல் தரமாட்டார்கள். நீதிபதி பெரிய மனதோடு கொடுத்திருக்கிறார், அதை வாங்கிக்கொள்ளத்தான் உனக்கு வழி இல்லை.

தினமும் வீடு திரும்புகிற வேலைக்காக இன்று மத்தியானம் ஜல்லி கம்பெனியிலும் தானியக் கிடங்கிலும் போய்க் கேட்டேன். ஜல்லிக்காரன் ஏற்கெனவே பதினாலு பேர் பெயர் எழுதி வைத்திருக்கிறான். கிடங்கில் அறுவடை முடிந்ததும் இருக்கிற ஆளையே குறைக்கப் போகிறார்களாம். உன் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன், கூப்பிடுவதாகச் சொன்னார்கள், கூப்பிடமாட்டார்கள். ஆனாலும் ஆத்திரத்தில் லாரியைப் பாதியில் போட்டுவிட்டு வராதே, நடுவழியில் விட்டவள் என்று பதிவாகிவிட்டால் எந்தக் கம்பெனியும் தொடாது, டெஸ்ஸாவின் மருத்துவக் காப்பீடும் உன் வேலையில்தான் இருக்கிறது. நான் சொல்லி நீ கேட்டதெல்லாம் போதும், இருந்தாலும் இதை மட்டும் கேள்.

உன் அம்மா காலையிலிருந்து துணி மடிக்கிறேன் என்று மடித்ததையே மடித்துக்கொண்டிருக்கிறாள். டெஸ்ஸா அழவில்லை. தன் பெட்டியைத் தானே எடுத்து வந்து, எத்தனை நாளைக்குத் துணி வைக்க வேண்டும் என்று கேட்டாள். நம் வீட்டில் யார் கிளம்பினாலும் அதைத்தானே முதலில் கேட்போம். எல்லாவற்றையும் வைத்துக்கொள் என்று நான்தான் சொன்னேன். சரி என்று வாலிபால் சட்டையிலிருந்து ஆரம்பித்தாள். உன் பச்சைக் குளிர்ச்சட்டையையும் எடுத்து வைத்தாள், அது அவளுக்குப் பெரிது. நேற்றும் இன்றும் அவளும் உன்னைக் கூப்பிட்டிருக்கிறாள், உன் போனில் பார்த்திருப்பாய். எனக்காக எடுக்க வேண்டாம், அவளுக்காக எடுத்திருக்கலாம். திட்டவில்லை, அந்த நேரத்தில் பேச எனக்கும் தைரியம் வந்திருக்காது.

வேளைக்குச் சாப்பிடு, கடைகளில் வறுத்ததையே வாங்கித் தின்னாதே, முதுகுவலிக்கு அம்மா கொடுத்த தைலம் இருக்கையின் பின்னால் இருக்கிறது. இனி வருகிற நாட்களை எப்படிக் கடப்பது என்று எனக்கும் தெரியவில்லை, கர்த்தர் உன்னைப் போகையிலும் வருகையிலும் காப்பாராக என்று மட்டும் சொல்கிறேன். ஒன்றை மறக்காதே. கோர்ட் உனக்குக் கொடுத்த போன் நேரம் புதன், ஞாயிறு சாயங்காலம் ஆறு மணி, அது மொன்டானா நேரம், கிழக்கே இருந்தால் உனக்கு எட்டு. முதல் போன் இந்த ஞாயிறு. ஏழரைக்கே லாரியை ஓரம் கட்டிவிடு. இதை டெஸ்ஸாவுக்கும் சொல்லி, அம்மா கட்டாயம் கூப்பிடுவாள், போன் பக்கத்திலேயே இரு என்றேன். "அம்மா கூப்பிடலைன்னாலும் பரவாயில்ல தாத்தா, எனக்குப் பழக்கம்தான்" என்றாள், என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில்.

கூப்பிடு மார்லா.

இப்படிக்கு,
உன் அப்பா
வெண்டல் ஹாஸ்கின்ஸ்