மலரிடம் மட்டும் சொல்கிறார்கள்

செவ்வாய்க்கிழமை, இரவு

மலரை நினைத்தாலே வயிறு எரிகிறது. தூக்கம் எங்கே வரும்?

சித்தையன்கோட்டைப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். பிரஷர் மாத்திரை வாங்க வருபவர்களிடம் பீடி, குடிப் பழக்கங்களைக் கேட்டுக் குறிப்பதுதான் எங்கள் ஆராய்ச்சி வேலை. ஒருவர் கேட்டதையே சரிபார்ப்பதற்காக இன்னொருவர் மறுபடி கேட்க வேண்டும். காலையில் ஒருவரிடம், “புகைபிடிக்கும் பழக்கம் உண்டா?” என்று மரியாதையாகத்தான் கேட்டேன். “அந்தக் கருமத்தத் தொட்டதே இல்ல மேடம்” என்றார். சட்டைப் பையில் பீடிக்கட்டு துருத்திக்கொண்டிருந்தது.

மதியம் அவரிடம் மலர் போனாள். வேலைக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகாத பிள்ளை. “ஒரு நாளைக்கு எத்தன கட்டுண்ணே ஓடுது?” என்றாள், பீடி வாங்கிக் கொடுப்பதே இவள்தான் என்பது போல. “ரெண்டு கட்டு தாயி. சாயந்திரம் குவாட்டர், அது தனி” என்று சிரிக்கிறார் மனுஷன். எனக்கு மேடம், அவளுக்குத் தாயி!

“கேட்டா இப்படிக் கேக்கணும்” என்று ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் எல்லோர் முன்னாலும் சொன்னார். அடுத்த மாதம் பழனிக்குப் போகும் குழுவுக்கு அவள்தான் பொறுப்பாம். ஐந்து வருடமாக நான் காத்திருந்த இடம்.

திரும்பும்போது பஸ்ஸில் எனக்கும் சீட் பிடித்து வைத்திருந்தாள். அதுவும் பிடிக்கவில்லை. டிக்கெட் வாங்கியதும் மெதுவாகக் கேட்டாள்: “எம்மேல எம்புட்டுக் கோவம்க்கா?”

கோபமா என்று கேட்டிருந்தால் இல்லை என்றிருப்பேன்.

“நெறைய” என்றேன்.

பாவி, என்னிடமும் உண்மையை வாங்கிவிட்டாள்.